அண்டா கவிழ்ந்த சாம்ராஜ்ஜியம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் சம்பள நாள் வரும். அன்று சுல்தானுக்கு வயிறு கலங்கும். கஜானாவில் பணம் தேறுமா என்ற கவலை ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய கவலை, சிப்பாய்கள் சூப் குடிப்பார்களா மாட்டார்களா என்பது.

அரண்மனையின் இரண்டாம் முற்றத்தில் சுல்தானின் காலாட்படையினரான ஜானிசரிகள் ஆயிரக்கணக்கில் தும்மல்கூட இல்லாமல் வரிசைகட்டி நிற்பார்கள். வெளிநாட்டுத் தூதர்களுக்குப் பேட்டி கொடுப்பதைக்கூட முடிந்தவரை அந்த நாளில்தான் வைத்துக்கொள்வார்கள். எங்கள் படையின் ஒழுங்கைப் பார்த்துவிட்டுப் போய் உங்கள் ராஜாவிடம் சொல்லுங்கள் என்று அர்த்தம். சமையல்கட்டிலிருந்து சூப் வரும், நெய்ச்சோறு வரும், குங்குமப்பூ போட்ட இனிப்புச் சோறு வரும். சைகை கிடைத்ததும் அதுவரை சிலையாக நின்றவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு சட்டியை நோக்கி ஓடுவார்கள். ஓடினால் நாட்டில் அமைதி நிலவுகிறது என்று பொருள். தூதர் மெய்மறந்து பார்ப்பார், அமைச்சர்கள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். சம்பளம் வாங்கியபின் படைத் தலைவர்கள் அமைச்சர்களுக்குக் கற்கண்டு மாதிரியான ஒரு மிட்டாயைக் கொடுப்பார்கள். 'இந்தக் காலாண்டுக்கு உங்கள் தலை உங்கள் கழுத்தில்தான்' என்பதற்கான ரசீது அது.

சூப் வந்து இறங்கியும் ஒருவரும் அசையவில்லை என்றால்? யாரோ ஓர் அமைச்சர் அன்றிரவு வீட்டில் படுக்கப்போவதில்லை. சில சமயம் சுல்தானே படுக்கப்போவதில்லை.

உதுமானியப் பேரரசைப் பற்றி எழுதுகிறவர்கள் ஷரீஅத் என்பார்கள், கானூன் என்கிற அரசுச் சட்டம் என்பார்கள், சுல்தானின் எல்லையற்ற அதிகாரம் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த எல்லையற்ற அதிகாரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அது உருண்டையாக, செம்பினால் செய்யப்பட்டு, இரண்டு பக்கமும் வளையம் வைத்து, உள்ளே ஆட்டுக்கறி வேகிற ஓர் அண்டா. ஜானிசரிகள் அதைத் தூக்கிவந்து மைதானத்தில் கவிழ்த்துப் போட்டால், 'இனி உன் சோறு வேண்டாம், ஆகவே நீயும் வேண்டாம்' என்று அர்த்தம். மேல்முறையீடு கிடையாது.

இந்தப் படை தொடங்கியது 14-ஆம் நூற்றாண்டில். பால்கன் பகுதியின் கிறிஸ்தவக் கிராமங்களில் அதிகாரிகள் வந்து இறங்குவார்கள். சுமாராக நாற்பது வீட்டுக்கு ஒரு பையன் என்று கணக்கு. திடகாத்திரமான பையன்களைப் பொறுக்கி எடுத்து, மதம் மாற்றி, துருக்கி பேசப் பழக்கி, உடம்பை இறுக்கி, சுல்தானின் சொந்த அடிமையாக வளர்ப்பார்கள். பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குகிற வேலை இது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும், பிடுங்கப்பட்டவர்களில் புத்திசாலிகள் தலைமை வசீராகவும், அதாவது முதலமைச்சராகவும், ஆனார்கள். சொக்கொல்லு மெஹ்மத் பாஷா அப்படிப் போனவர். பெரும் பள்ளிவாசல்களைக் கட்டிய சினான் அப்படிப் போனவர். பெரும்பாலோர் ஜானிசரி ஆனார்கள். கல்யாணம் கூடாது, தாடி கூடாது, வியாபாரம் கூடாது. மீசை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை கூடாதுகளுக்கும் ஈடாக ஒன்று கொடுத்தார்கள்: வேளா வேளைக்குச் சாப்பாடு. அப்புறம் அந்தப் படையின் மூளை முழுக்க அடுப்பங்கரைக்குக் குடிபோய்விட்டது. ஒரு பட்டாளத்தின் தலைவருக்குப் பதவிப் பெயரே சோர்பஜி, அதாவது சூப்காரர். அவருக்குக் கீழே தலைமைச் சமையல்காரர், தலைமைத் தண்ணீர்க்காரர். இவர்கள் உண்மையிலேயே வெங்காயம் உரிப்பவர்கள் என்று நினைத்து ஏமாறக் கூடாது. வாளோடு திரியும் படை அதிகாரிகள். சிப்பாய் தப்புச் செய்தால் அடைத்துவைக்கும் இடமும் சமையல்கட்டுதான். சிறைக் காவல் தலைமைச் சமையல்காரர் பொறுப்பு. இன்னும் மேலே போனால் வேட்டைநாய்களின் காப்பாளர், நாரைகளின் காப்பாளர் என்ற பெயர்களில் பெரிய தளபதிகள் இருந்தார்கள். தொப்பியின் நெற்றியில் மற்ற நாட்டுச் சிப்பாய் சிங்கமோ கழுகோ வைத்துக்கொண்டிருந்தபோது ஜானிசரி கரண்டி செருகியிருந்தான். யுத்தத்தில் கொடியை இழந்தால்கூடப் போனால் போகிறது. அண்டா எதிரியிடம் சிக்கினால் அந்தப் பட்டாளத்துக்கே மானம் போயிற்று.

அரண்மனையின் மறுபக்கமும் இதற்குச் சளைத்ததல்ல. சுல்தானின் தோட்டக்காரர்கள் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், சுல்தானின் படகை ஓட்டினார்கள், மிச்ச நேரத்தில் கழுத்தை நெரித்தார்கள். தலைமைத் தோட்டக்காரர் உங்களைப் பார்க்க வருகிறார் என்றால் பூச்செண்டோடு வருகிறார் என்று எந்தப் பாஷாவும் நம்பவில்லை. ஆக, சாம்ராஜ்ஜியம் இரண்டு இலாகாக்களில் ஓடியது: கவிழ்ப்பது சமையல்கட்டு, நெரிப்பது தோட்டம்.

முதல் கலாட்டா 1446-இல், அன்றைய தலைநகர் எதிர்னேயில். கதாநாயகன் பின்னாளில் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்து 'வெற்றி வீரர்' என்று பட்டம் வாங்கப்போகிற இரண்டாம் மெஹ்மத். அப்போது பட்டம் எதுவும் இல்லை, மீசையே சரியாக இல்லை. அப்பா இரண்டாம் முராத் 1444-இல் ஆட்சி போதும் என்று பன்னிரண்டு வயதுப் பையனை உட்காரவைத்துவிட்டு ஒதுங்கிப் போனார். போனவர் நிம்மதியாக இருந்தாரா? சிலுவைப் படை கிளம்பி வர, அதே ஆண்டு நவம்பரில் வார்னா போருக்கு அவரே திரும்பிவந்து ஜெயித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறமும் பையனையே விட்டுவிட்டுப் போனார். பையனின் அரசு அக்சே என்ற வெள்ளி நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தது. சம்பளத்தை எண்ணிப்பார்த்தால் எண்ணிக்கை சரி, எடைபோட்டால் இல்லை. ஜானிசரிகள் ஊருக்குள் கலகம் செய்துவிட்டு ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தினச் சம்பளத்தில் அரை அக்சே உயர்வு கொடுத்துத்தான் இறக்க முடிந்தது. பையனை வீட்டுக்கு அனுப்பி, அப்பா மறுபடி சிம்மாசனம் ஏறினார்.

அரைக் காசு. அதுதான் அந்தப் படை கற்றுக்கொண்ட முதல் பாடம். கற்றதை மறக்கவே இல்லை.

1451-இல் அப்பா இறந்து மெஹ்மத் மறுபடி வந்ததும், முதல் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியிலேயே இருபுறமும் நின்று 'பட்டமேற்பு இனாம் எங்கே' என்று கேட்டார்கள். கொடுத்தார், கொடுத்துவிட்டு அவர்கள் தலைவரை அடித்துத் துரத்தினார். இனாம் அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது, அடி அன்றோடு நின்றுவிட்டது. 1512-இல் இரண்டாம் பாயஜீதை இறக்கி மகன் செலீமை ஏற்றினார்கள். 1525-இல் மாபெரும் சுலைமான் எதிர்னேப் பக்கம் வேட்டைக்குப் போயிருந்தார். யுத்தமே இல்லாமல் கை அரிக்கிறது என்று இஸ்தான்புல்லில் அமைச்சர் இப்ராஹிம் பாஷாவின் மாளிகையைச் சூறையாடினார்கள். சம்பளம் குறைந்தால் கலகம், சண்டை இல்லாவிட்டால் கலகம். 1589-இல் மறுபடி நாணயத்தில் வெள்ளி குறைந்தபோது அரண்மனை வாசலுக்கே வந்து பேரரசின் ஐரோப்பியப் பகுதியான ரூமேலியாவின் ஆளுநர் தலையைக் கேட்டார்கள். மூன்றாம் முராத் கொடுத்தார். கேட்டால் தலைகூடக் கிடைக்கும் என்பது இரண்டாம் பாடம்.

இங்கே சுல்தான் குடும்பத்தின் உள் விவகாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டத்துக்கு வருகிறவன் உலக ஒழுங்கைக் காக்கத் தன் சகோதரர்களைக் கொல்லலாம் என்று இரண்டாம் மெஹ்மத் சட்டமே எழுதிவைத்திருந்தார். அரச ரத்தம் தரையில் சிந்தக் கூடாது என்பதால் கயிறு. 1595-இல் மூன்றாம் மெஹ்மத் வந்த அன்று பத்தொன்பது தம்பிகள் போனார்கள். ஊரே அழுதது. அதற்கப்புறம் வந்த முதலாம் அஹமத் தன் தம்பி முஸ்தஃபாவைக் கொல்லாமல் விட்டார். கொல்லாவிட்டால் என்ன செய்வது? அந்தப்புரத்துக்குள் சில அறைகளில் பூட்டிவைப்பது. 'கூண்டு' என்றே அதற்குப் பெயர். இளவரசர்கள் அங்கே பத்து, இருபது, நாற்பது வருஷம் கிடந்தார்கள்.

கருணையான ஏற்பாடுதான். ஆனால் அதிலே ஒரு சிக்கல் இருந்தது; ஜானிசரிகள் அதை உடனே கவனித்துவிட்டார்கள். கூண்டில் இளவரசன் இருக்கிறான் என்றால் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறது என்று அர்த்தம். ஓடுகிற சக்கரம் பிடிக்கவில்லையா, கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றை மாட்டு. பேரரசைத் தொடங்கிய உதுமானின் வம்சத்தில் ஒருவன் சிம்மாசனத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் ஒருபோதும் மறுக்கவில்லை. எந்த ஒருவன் என்பதில்தான் கருத்து வைத்திருந்தார்கள்.

முதலில் சிக்கியவன் இரண்டாம் உஸ்மான். 1621-இல் போலந்துக்காரர்களுடன் ஹோத்தீனில் மோதி ஒன்றும் நடக்காமல் திரும்பினான். பழியைப் படைமேல் போட்டான். அத்தோடு விட்டிருந்தால் தேவலை. ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டினான். ஹஜ் ஒரு சாக்கு, போகிற வழியில் அனதோலியாவிலும் சிரியாவிலும் புதுப்படை திரட்டி எங்களைக் கலைக்கப் போகிறான் என்று ஜானிசரிகள் கணக்குப் போட்டார்கள். அநேகமாகக் கணக்கு சரி. 1622 மே மாதம் அரண்மனைக்குள் புகுந்தார்கள். முஸ்தஃபா இருந்த அறையின் கதவு கிடைக்கவில்லை. கூரையை உடைத்துக் கயிற்றில் இறங்கி அவரைத் தூக்கினார்கள். இந்த முஸ்தஃபா ஏற்கெனவே ஒருமுறை சுல்தானாக இருந்து, புத்தி சரியில்லை என்று மூன்று மாதத்தில் இறக்கப்பட்டவர். மீன்களுக்குச் செலவுக்குக் காசு வேண்டாமா என்று கடலில் பொற்காசு வீசினாராம். பஞ்சரான ஸ்டெப்னி என்று தெரிந்தே மாட்டினார்கள். பதினேழு வயது உஸ்மானை யெதிக்குலே கோட்டைக்கு இழுத்துப்போய்க் கொன்றார்கள். வரலாற்றில் தன் படையின் கையாலேயே செத்த முதல் உதுமானிய சுல்தான் அவன்தான். முஸ்தஃபா அடுத்த வருஷமே மறுபடி கழற்றப்பட்டார்.

இப்போது பதினோரு வயது நான்காம் முராத். 1632-இல் கூட்டம் வாசலுக்கு வந்து தலைமை வசீர் ஹாஃபிஸ் அஹமத் பாஷாவைக் கேட்டது. வசீர் நல்ல மனுஷர், என்னால் உங்களுக்கு ஆபத்து வேண்டாம் என்று தானே வெளியே நடந்துபோனார். இளம் சுல்தான் கண்முன்னே அவரை வெட்டித் தள்ளினார்கள். முராத் எதையும் சொல்லவில்லை, மனதில் எழுதிக்கொண்டார். கொஞ்ச நாளில் தலைவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்தார். சதி எங்கே பிறக்கிறது என்று யோசித்தார்: காபிக் கடையில். 1633-இல் நகரின் பெரும்பகுதியை எரித்த ஒரு தீ விபத்தைச் சாக்காக வைத்துக் காபிக் கடைகளை மூடினார், புகையிலையைத் தடைசெய்தார். மாறுவேடத்தில் திரிந்து, புகைபிடிப்பவனைப் பிடித்தால் அங்கேயே தண்டனை. நாட்டில் ஒருவன் ஒரு வாய் புகை விட்டால் தலை போகும். ஆணையிட்டவரோ மதுக் கோப்பையும் கையுமாகவே இருந்தார். 27 வயதில் போய்ச் சேர்ந்தார். ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: அந்த நூற்றாண்டில் ஜானிசரிகள் பயந்த ஒரே சுல்தான் இவர்தான். அந்தப் பயத்துக்கும் காபித் தடைக்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சாகும்போது கூண்டில் மிச்சமிருந்த கடைசித் தம்பி இப்ராஹிமையும் கொல்லச் சொல்லிவிட்டுத்தான் செத்தார். தாய் கோசெம் சுல்தான் தடுத்துவிட்டாள். இப்ராஹிமிடம் போய் 'நீங்கள்தான் சுல்தான், வாருங்கள்' என்றால் அவர் கதவைத் திறக்க மறுத்தார்; கொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற பயம். அண்ணனின் பிணத்தைக் கொண்டுவந்து காட்டியபிறகுதான் வெளியே வந்தார். வந்தவர் சைபீரியக் காட்டில் திரியும் சேபிள் என்ற சிறு விலங்கின் மென்மயிர்த் தோல்மேல் பைத்தியமானார். சுவரெல்லாம் அதைப் போர்த்த வேண்டும்; அதற்கு ஒரு வரி; அமைச்சரிலிருந்து ஜானிசரித் தலைவர் வரை எல்லோரும் தோல் கொண்டுவந்து கொட்ட வேண்டும். தலைவலிக்கு மந்திரிக்க வந்த ஒரு ஜின் விரட்டும் ஹோஜா, அதாவது மத ஆசிரியர், அனதோலியாவின் தலைமை நீதிபதியாகவே ஆகிவிட்டார். 1648-இல் எல்லாம் சேர்ந்து வெடித்தது. தலைமை வசீர் அஹமத் பாஷாவின் உடலைக் கூட்டம் கிழித்த கிழிப்பில், 'ஆயிரம் துண்டு' அஹமத் என்றுதான் இன்றுவரை அவர் பெயர். இப்ராஹிம் இறக்கப்பட்டு, பத்து நாளில் கயிற்றுக்குப் போனார். ஆறு வயது மகன் நான்காம் மெஹ்மத் ஏறினான். புது சுல்தான் வந்தால் இனாம் கொடுக்க வேண்டுமே, கஜானா காலி. யாரிடம் பணம் இருக்கிறது? ஜின் விரட்டியவரிடம். அவருடைய மொத்தச் சொத்தையும் பிடுங்கிப் படைக்குப் பங்கு போட்டார்கள். சந்தையில் அந்தக் காசுக்கு 'ஹோஜா காசு' என்ற ரீதியில் பெயரே விழுந்தது.

அந்தச் சிறுவனுக்குப் பதினான்கு வயதானபோது, 1656-இல், மறுபடி மட்டமான நாணயத்தில் சம்பளம். செப்புக் காசைக் கடைக்காரன் வாங்க மாட்டேன் என்கிறான். படை ஒரு பட்டியல் நீட்டியது. பட்டியலில் இருந்த அரண்மனை அதிகாரிகளைக் கொன்று, குதிரை மைதானத்திலிருந்த சினார் மரத்தில் தொங்கவிட்டார்கள். மனிதத் தலைகள் காய்க்கும் வக்வாக் மரம் என்று பழைய கதைகளில் ஒன்று உண்டு. படித்தவர்கள் உடனே இந்தச் சம்பவத்துக்கு அந்த மரத்தின் பெயரை வைத்தார்கள். கொலை நடந்தாலும் இலக்கிய ரசனை குறையாத ஊர்.

மெஹ்மத் அப்புறம் முப்பது வருஷம் வேட்டையாடியே கழித்தார். 1687-இல் போரில் தோற்றுவந்த படை அவரையும் இறக்கியது. கூண்டில் சுமார் நாற்பது வருஷம் இருந்த தம்பி சுலைமானை அழைக்கப் போனால் அவரும் அழுதார்: கொல்வதானால் சொல்லிவிடுங்கள், தொழுதுகொள்கிறேன், இத்தனை வருஷம் தினம் தினம் செத்தது போதும். போட்டுக்கொள்ள நல்ல அங்கிகூட அவரிடம் இல்லை. அந்தப்புரக் காவல் தலைவர் தன்னுடையதை மாட்டிவிட்டார். 1703-இல் இன்னொரு சுல்தான் போனார். இவரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, கதை அதேதான்.

1730 அப்படியல்ல. அது ரசித்துச் சொல்ல வேண்டிய கலகம். மூன்றாம் அஹமதும் அவர் மருமகன், தலைமை வசீர் தாமாத் இப்ராஹிம் பாஷாவும் துலிப் பூவில் மூழ்கிக் கிடந்தார்கள். கிழங்கு விலை ஏறிய ஏற்றத்தில் அரசாங்கமே விலைப்பட்டியல் போட வேண்டிவந்தது. இரவு விருந்துகளில் ஆமைகளின் முதுகில் மெழுகுவத்தியை ஏற்றித் துலிப் பாத்திகளுக்கு நடுவே ஊரவிட்டார்கள். கிழக்கே ஈரானிடம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஆமைகள் நல்ல வெளிச்சத்தில் நடந்தன. அப்போது பத்ரோனா ஹலீல் என்ற பழைய ஜானிசரி, ஹம்மாம் என்ற பொதுக் குளியல் கூடத்தில் முதுகு தேய்த்துவிட்டும் பழைய துணி விற்றும் பிழைத்துக்கொண்டிருந்தவன், செப்டம்பர் கடைசியில் சில ஆட்களுடன் சந்தையில் கொடி பிடித்தான். சாயங்காலத்துக்குள் அது கலகமாகிவிட்டது. சுல்தான் மருமகனைக் கொன்று பிணத்தைக் கொடுத்தனுப்பினார். போதாது என்றார்கள். தானே இறங்கினார்.

அடுத்த இரண்டு மாதம் முதுகு தேய்ப்பவன்தான் சாம்ராஜ்ஜியத்தை நடத்தினான். புது சுல்தான் முதலாம் மஹ்மூத் முன்னால் வெறுங்காலோடு நின்றான். தனக்கு உதவிய யானாக்கி என்ற கசாப்புக்காரனை மால்டோவியாவுக்கு ஆளுநராக்கு என்றான். கேட்டபடி நியமனமும் நடந்தது. கசாப்புக்காரன் ஆளக் கூடாதா என்று கேட்டால், அதுவரை ஆண்டவர்களின் லட்சணத்தைப் பார்த்தபின் ஆட்சேபிக்க எனக்கு வாய் வரவில்லை. நவம்பரில் ஆலோசனைக்கு என்று ஹலீலை அரண்மனைக்குள் அழைத்து வெட்டிப்போட்டார்கள். கசாப்புக்காரனும் தப்பவில்லை.

இதற்குள் படையே வேறொன்றாகிவிட்டிருந்தது. கல்யாணத் தடை போய் ரொம்ப நாளாயிற்று. அப்பனுக்குப் பின் மகன் என்று சேர்ந்தார்கள். சிப்பாயின் சம்பளச் சீட்டு கைமாறுகிற சரக்காயிற்று. காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு ஒருநாள்கூட வாள் தொடாதவன் காலாண்டுக்குச் சம்பளம் வாங்கினான். செத்தவன் பெயரும் பட்டியலில் வாழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டு வாக்கில் பட்டியலில் பெயர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின, யுத்தம் என்று முரசடித்தால் வந்தவர்கள் சில ஆயிரம். மற்றவர்கள் கடை பார்க்க வேண்டாமா? காபிக் கடை, கறிக்கடை, படகுத்துறை எல்லாம் அவர்கள் கையில். யாராவது புது வீடு கட்டினால், சரக்குக் கப்பல் துறைக்கு வந்தால், தம் பட்டாளத்தின் சின்னம் பொறித்த கோடரியை அதன்மேல் தொங்கவிட்டுவிட்டு மாமூல் கேட்பார்கள். தீயணைப்பும் அவர்கள் பொறுப்பே. 1720-இல் இஸ்லாமுக்கு மாறிய ஒரு பிரெஞ்சுக்காரர் தண்ணீர்ப் பம்பு செய்து கொடுத்து, அதற்கென ஜானிசரிகளுக்குள் ஒரு பிரிவு ஏற்பட்டது. அரசின்மேல் அதிருப்தி வந்தால் ஊரில் ஏதாவது பற்றி எரியும். வைத்தது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அணைக்க வந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர்களுக்கு உப்பிட்டவரோ ரமலான் பதினைந்தாம் நாள் பத்துப் பேருக்கு ஒரு தட்டு பக்லாவாவும் இட்டார். அரண்மனைச் சமையல்கட்டிலிருந்து தட்டுகளைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போய், தின்றார்கள். நினைத்ததாகத் தெரியவில்லை.

இவர்களைத் திருத்த முயன்றவர் மூன்றாம் செலீம். அருமையான இசைக் கலைஞர். புது ராகங்களே உருவாக்கியவர். சங்கீத ஞானம் உள்ளவர்கள் ஜானிசரிகளிடம் பேசிப் பார்ப்பதில் உள்ள ஆபத்துக்கு அவர் நல்ல சான்று. ஐரோப்பிய முறையில் ஒரு புதுப்படை தொடங்கினார். 1807-இல் பாஸ்பரஸ் கோட்டைக் காவலர்களிடம் புதுச் சீருடையைப் போடச் சொன்னதுதான் தாமதம், கபக்சி முஸ்தஃபா என்பவன் தலைமையில் கலகம். காற்சட்டைக்காக ஒரு சுல்தான் பதவி இழந்தார். ஸ்டெப்னியாக நான்காம் முஸ்தஃபா வந்தார். அடுத்த ஆண்டு அலெம்தார் முஸ்தஃபா பாஷா என்ற முரட்டு ஆளுநர், செலீமைத் திரும்ப அமர்த்தத் தன் படையோடு டான்யூபுப் பக்கமிருந்து கிளம்பி அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே இருந்த முஸ்தஃபா ஒரு கணக்குப் போட்டார்: செலீமையும் இளவரசன் மஹ்மூதையும் கொன்றுவிட்டால் ஸ்டெப்னியே கிடையாது, என்னை யார் கழற்றுவார்கள்? செலீமைக் கொன்றுவிட்டார்கள். மஹ்மூதின் அறைக்குக் கொலைகாரர்கள் வந்தபோது ஜெவ்ரி கல்ஃபா என்ற அந்தப்புரப் பணிப்பெண் ஹம்மாம் அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளி அவர்கள் கண்ணில் வீசினாள். மஹ்மூத் கூரை வழியாகத் தப்பினார். அன்றைக்கே சுல்தானும் ஆனார். ஒரு பிடி சாம்பல் ஒரு வம்சத்தைக் காப்பாற்றியது. அவள் பெயரில் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். இந்தக் கதையில் யாருக்காவது சிலை வைக்கலாம் என்றால் அவளுக்குத்தான்.

சில மாதத்தில் ஜானிசரிகள் அலெம்தாரை முற்றுகையிட்டார்கள். அவர் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீவைத்துத் தானும் போய், சுற்றியிருந்தவர்களில் ஏராளமானவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குழப்பத்தில் மஹ்மூத் தன் முன்னோர் சட்டத்தை எடுத்துத் தூசி தட்டினார். அண்ணன் நான்காம் முஸ்தஃபாவின் கதை முடிந்தது. இப்போது உதுமானின் வம்சத்தில் உயிரோடு இருக்கும் ஒரே ஆண் மஹ்மூத். முஸ்தஃபா போட்ட அதே கணக்கு, விடை மட்டும் சரியாக வந்தது. ஜானிசரிகள் கோபத்தில் அண்டாவை எத்தனை முறை கவிழ்த்தாலும் மாட்டுவதற்குச் சக்கரம் இல்லை. வேறு வழியில்லாமல் அவரிடமே சமாதானம் பேசினார்கள்.

மஹ்மூத் அவசரப்படவில்லை. பதினெட்டு வருஷம் காத்திருந்தார். பீரங்கிப் படையை வளர்த்தார், மார்க்க அறிஞர்களைத் தம் பக்கம் இழுத்தார், ஜானிசரிகளுக்குள்ளேயே ஹுசைன் பாஷா போன்றவர்களை வளைத்தார். 1826-இல் ஒவ்வொரு பட்டாளத்திலிருந்தும் 150 பேர் புதுமுறைப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று ஆணை. அதிகாரிகள் கையெழுத்தும் போட்டார்கள். ஜூன் 12-இல் பயிற்சி தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, இரவில் அண்டாக்கள் இறைச்சி மைதானத்துக்கு வந்துவிட்டன. ஆம், கூடும் இடத்தின் பெயரும் அதுதான். சுல்தான் இதற்காகவே காத்திருந்ததுபோல நபிகளாரின் புனிதக் கொடியை வெளியே எடுத்தார். மாமூல் கொடுத்துக் கொடுத்து அலுத்த ஊர் அந்தக் கொடியின் கீழ் திரண்டது. 'கருநரகம்' என்று பட்டப்பெயர் பெற்ற பீரங்கி அதிகாரி இப்ராஹிம் ஆகா படைவீட்டு வாசலை நோக்கிச் சுட்டார். உள்ளே தீப்பிடித்தது. சில மணி நேரத்தில் ஐந்நூறு வருஷத்து அண்டா அவிந்துபோயிற்று. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், தப்பியவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். கல்லறைக் கற்களில் செதுக்கியிருந்த ஜானிசரித் தொப்பிகளைக்கூட உடைத்தார்கள். அவர்கள் போற்றிய பெக்தாஷி சூஃபி மார்க்கமும் தடைசெய்யப்பட்டது. அரசு இதற்கு வைத்த பெயர் 'மங்கல நிகழ்வு'.

மங்கலம் யாருக்கு என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஜானிசரிகள் ரவுடிகள், அதில் மறுபேச்சில்லை. ஆனால் நாணயத்தில் வெள்ளியைத் திருடிய சுல்தானையும், தோலால் சுவர் போர்த்திய சுல்தானையும், ஆமைக்கு விளக்கேற்றிய சுல்தானையும் தட்டிக்கேட்டது அந்த ரவுடிகளைத் தவிர வேறு யார்? கேட்ட விதம் அநாகரிகம். வேறு விதமாகக் கேட்க அந்த நாட்டில் ஓர் இடமும் இருக்கவில்லை. அவர்கள் போனபின் மஹ்மூதை எதிர்த்து ஒரு கரண்டி அசையவில்லை.

படையின் பழைய மேளதாளத்தையும் கலைத்துவிட்டு, இத்தாலியிலிருந்து ஓபெரா இசையமைப்பாளர் தோனிசெட்டியின் அண்ணன் ஜுசெப்பேயை வரவழைத்து புது வாத்தியக் குழு அமைத்தார். தலைப்பாகைக்குப் பதில் ஃபெஸ் தொப்பி வந்தது. புதுப்படைக்கு 'முஹம்மதின் வெற்றிப் படை' என்று பெயர் சூட்டினார். வெற்றிப் படை 1829-இல் ரஷ்யர்களிடம் எதிர்னேயையே பறிகொடுத்தது. 1832-இல் கோன்யாவில் தம் சொந்த எகிப்து ஆளுநர் மெஹ்மத் அலியின் மகனிடம் தோற்றது. அவனிடமிருந்து காப்பாற்ற ரஷ்யக் கப்பற்படையையே இஸ்தான்புல்லுக்கு அழைக்க வேண்டிவந்தது. 1839 ஜூன் 24 அன்று நிசிப்பில் அதே எதிரியிடம் மறுபடி தோற்றது. அங்கே ஆலோசனை சொல்ல மோல்ட்கே என்ற இளம் பிரஷ்ய அதிகாரி இருந்தார். பின்னாளில் பிரான்ஸையே மண்டியிட வைத்தவர். அவர் பேச்சைத் தளபதி கேட்கவில்லை. தோல்விச் செய்தி தலைநகரம் வந்துசேரும் முன்பே மஹ்மூத் இறந்துபோனார். பதினாறு வயது அப்துல்மஜீத் பட்டத்துக்கு வந்த முதல் வாரங்களிலேயே, புது வசீர்மேல் பயமும் கோபமும் கொண்ட கடற்படைத் தளபதி அஹமத் ஃபெவ்சி பாஷா, மொத்தக் கப்பற்படையையும் ஓட்டிக்கொண்டு போய் அலெக்ஸாந்திரியாவில் எதிரியிடமே ஒப்படைத்துவிட்டார்.